நீ ஜாமீன் நின்ற இரண்டு வருஷம்

கோபம் வந்தால் மட்டும் அழகாகச் சிரிக்கிற என் ஈஸ்வரி அக்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது அக்கா. கோர்ட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். நன்னடத்தை அலுவலர் மேடத்தின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து போனை எடுத்தேன். உன் நம்பரைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஊர் வேறு மாதிரிப் பேசுவதால் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை பார்த்தேன். சாரல் சீசனில் தங்க வந்த ஒருவன் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தான். மேசையில் இருந்த ஸ்டீல் ஜக்கால் அடித்தேன். அவன் மண்டையில் ஏழு தையல். மானேஜர் அவன் பக்கம் சாட்சி சொன்னார். கதவுக்குள்ளே நடந்ததற்கு எனக்கு யார் சாட்சி?

"அடிக்கவே இல்லைன்னு சொல்லும்மா" என்றார் நம் வக்கீல். நீதான் குறுக்கே விழுந்தாய். "எதுக்கு சார் பொய் சொல்லணும்? அடிச்சேன்னு சொல்லட்டும். ஏன் அடிச்சேன்னும் அவளே சொல்லட்டும்."

சொன்னேன். குற்றவாளி என்றார்கள். ஆனால் ஜெயிலுக்கு அனுப்பாமல் இரண்டு வருஷ நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். விடியக்காலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கிற வேலை, பகலில் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு என்று இரண்டில் நான் சேர்ந்திருப்பதை வக்கீல் கோர்ட்டில் சொல்லியிருந்தார். இரண்டையும் விடக் கூடாது, மாதம்தோறும் இரண்டுக்கும் சான்று காட்ட வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். எனக்கு ஜாமீனாக நீ கையெழுத்துப் போட்டாய். பீடி சுற்றிச் சிவந்த விரலால் அழுத்தி எழுதினாய்.

பிணையின் ஏழாவது மாசம் உனக்கு ஒரு காய்ச்சல். நாலே நாள். இவ்வளவு அவசரம் என்னக்கா உனக்கு?

உன் காரியம் முடிவதற்குள் கோர்ட்டில் வேறு ஜாமீன் கேட்டார்கள். நம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. கடைசியில் என்னோடு மார்க்கெட்டில் வேலை பார்க்கிற இசக்கியம்மாள் அக்காதான் தன் வீட்டு வரித் தீர்வை ரசீதை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கவே இல்லை. "ஓடிப் போறவ மூஞ்சி எனக்குத் தெரியும். இது அது இல்ல" என்று வக்கீலிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். ஐடிஐயில் வகுப்பு வாத்தியாருக்குக் கோர்ட் உத்தரவும் மார்க்கெட் வேலையும் தெரிந்து என்னைக் கூப்பிட்டார். "கோர்ட்டுல வேலை பாக்குதேன்னு காயிதம் கொடுத்தா நீ எப்படி முழுநேரம் படிக்குத பிள்ளை? ரெண்டுல ஒண்ணை விடும்மா."

"ஒண்ணை விட்டாலும் என்னை உள்ள வச்சிருவாக சார். வகுப்பு ஒம்பதரைக்கு. ஒரு நாளாவது லேட்டா வந்திருக்கேனா? வருகைப் பதிவேட்டைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். அந்த மாசம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு மாசமும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

மார்க்கெட்டில் கமிஷன் கடை அண்ணாச்சி அதைவிட மோசம். அதுவரை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், கோர்ட்டுக்கு என்று தெரிந்ததும் கையை விரித்தார். "ஏட்டி, கடை பேர்ல கேஸு காயிதம் எழுத முடியாது. நாளைக்குப் போலீசு இங்கன வந்து நிக்கும்."

தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்கள், டெம்போ டிரைவர்கள், விவசாயிகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அதுவரை மார்க்கெட்டில் இசக்கி அக்காவைத் தவிர யாருக்கும் என் வழக்கு தெரியாது. அந்த இடத்தில் எனக்கு வெட்கம் போய்விட்டது அக்கா.

"என் மேல கேஸு உண்டு அண்ணாச்சி. என் கையைப் பிடிச்சவன் மண்டையை உடைச்சேன். என்னை நல்லவள்னு எழுதச் சொல்லலை. நான் இங்கன தினமும் வேலை பாக்குதேன், அதை எழுதுங்க. பாக்குதேனா இல்லையா?"

ஒரு டெம்போக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பாக்குதால்லா, எழுதிக் கொடுங்க அண்ணாச்சி." அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டே கடை முத்திரையைக் குத்தினார்.

நன்னடத்தை அலுவலர் மேடம் நல்லவர்தான். ஆனால் மாசாமாசம் ஒரு கேள்வி கேட்பார்: "செய்த செயலுக்கு வருந்துகிறாயா?" படிவத்தில் அப்படி ஒரு கட்டம். முதல் சில மாசம் தலையை மட்டும் ஆட்டினேன். நீ போன பிறகு தலை ஆடவில்லை. "அவனுக்கு அவ்வளவு அடி பட்டதுக்கு வருத்தம் உண்டு மேடம். அடிச்சதுக்கு இல்லை." அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு திறந்து, நான் சொன்ன இரண்டையும் அப்படியே எழுதினார். எழுதும்போது என்ன நினைத்திருப்பார்?

ஐடிஐ தேர்வில் பாஸாகிவிட்டேன். செய்முறையில் வகுப்பிலேயே இரண்டாவது. நீ இருந்திருந்தால் முதலாவது யார் என்று கேட்டுச் சண்டைக்குப் போயிருப்பாய்.

இப்போது தொழில் பழகுநர் வேலைக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். 'உங்கள் மீது வழக்கு ஏதும் இருந்ததா?' என்று அதில் ஒரு வரி. "இல்லைன்னு போட்ரு, யாரு பாக்கப் போறா" என்கிறார்கள் எல்லாரும். இசக்கி அக்காகூட அப்படித்தான் சொல்கிறாள். நன்னடத்தையில் விட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் வேலைத் தகுதி போகாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம், மேடம்தான் சொன்னார். சட்டம் இருந்தாலும் உட்கார்ந்து படிக்கிறவர் மனசு எப்படியோ. வேலை கிடைக்காமலும் போகலாம்.

ஆனாலும் அக்கா, நாளைக்கு அந்த இடத்தில் 'ஆம்' என்றுதான் எழுதப் போகிறேன். இந்த விண்ணப்பம் திரும்பி வந்தால் அடுத்ததிலும் அதையே எழுதுவேன். நான் செய்ததை மறைத்து ஒரு வேலையும் வாங்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. இதற்கு ஜாமீன் வேண்டாம்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி மாரி