மாப்பிள்ளைக்கு அவசரம்

17 ஜனவரி 1971, ஞாயிறு

அணைந்துவிட்டது! சிவப்பு விளக்கு அணைந்தேவிட்டது!

புதுக் கம்பிச் சுருள் கட்டி வந்த என் காரின் டைனமோவை நானே மாட்டி, நானே பெல்ட்டை இழுத்துப் பூட்டி, நானே ஸ்டார்ட் செய்தேன். டாஷ்போர்டில் அந்தச் சின்ன விளக்கு இரண்டு நொடி என்னை முறைத்தது. பிறகு அணைந்தது. அணைந்தால் டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிறது என்று அர்த்தம். பனகல் பார்க் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறவன் கை, ஐயா இது! அந்தச் சந்தோஷத்தில் பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனேன். ஊரூர்க் குப்பத்தில் மீன் விற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியையா, தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறவனையா, தெரியவில்லை.

இருபத்துநாலு நாள்தான் இருக்கிறது. பிப்ரவரி பத்தாம் தேதி மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை நான். நிச்சயதார்த்தத்தன்று, வாடகைக் கார் வேண்டாம், என்னுடைய திறந்த காரிலேயே வருவேன் என்று சபையில் பீற்றிக்கொண்டேன். மீனாட்சியை வளர்த்த அவளுடைய அத்தை இசக்கியம்மாள் அப்போதே சொல்லிவிட்டார்: “பழைய வண்டி. நடுவழியில நின்னுதுன்னா, அந்தச் சகுனத்தோட எம் பொண்ணைத் தர மாட்டேன்.”

தருவார். நிற்காது.

24 ஜனவரி

நின்றுவிட்டது.

சித்தப்பா மகன் தனபாலனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. வெள்ளோட்டமாக இருக்கட்டும் என்று என் வண்டியைக் கொடுத்தேன். பூ அலங்காரம், கலர் பல்பு, முன்னால் மேளம். ஒன்றேகால் மணி நேரம் ராஜா மாதிரி போனது. உஸ்மான் ரோட்டில் பல்பு மங்கி, ஹெட்லைட் மங்கி, எஞ்சின் இருமி, அவ்வளவுதான். மாப்பிள்ளையை உட்காரவைத்தபடியே எட்டுப் பேர் தள்ளினோம். கூட்டத்தில் இசக்கியம்மாள் அத்தை. என்னைப் பார்த்தார்.

25 ஜனவரி

ஆறு கஜம் கேட்டவருக்கு ஐந்து கஜம் கிழித்துக் கொடுத்துவிட்டேன். கடை முதலாளி அய்யாதுரைப் பெரியப்பா திட்டவே இல்லை. அதுதான் கவலையாக இருக்கிறது.

27 ஜனவரி

தேனாம்பேட்டை மெக்கானிக் அப்துல் வஹீதிடம் கொண்டுபோனேன். டைனமோ கார்பன், ஒயர், பேட்டரிக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடுகிற கட்-அவுட், பெல்ட், ஒன்று விடாமல் பார்த்தான். மவுண்ட் ரோட்டில் ஒரு விரட்டு விரட்டினான். சிவப்பு விளக்கு எரிகிறதா? இல்லை.

“இன்னா நைனா, டைனமோ ஷோக்கா கீது. கல்யாண மப்புல உனக்குத்தான் இன்னாவோ ஆய்ட்ச்சி.”

30 ஜனவரி

வேறு பேட்டரி. வேறு கட்-அவுட். மறுபடியும் கடற்கரை, மறுபடியும் மவுண்ட் ரோடு. எல்லாம் சரியாகவே இருக்கிறது! சரியாக இருப்பதை எப்படிப்பா சரிபண்ணுவது?

3 பிப்ரவரி

கடைக்கு போன் வந்தது. மயில்கழுத்து நிறத்தில் பட்டு இருக்கிறதா என்று ஒரு பெண் குரல். இருக்கும்மா என்றேன். “நான் மீனாட்சி,” என்றது குரல்.

கல்யாணத்துக்கு முன்னால் பேசக்கூடாது என்பது இரண்டு வீட்டுக் கட்டளை. கல்லாவில் பெரியப்பா, கைக்கெட்டும் தூரத்தில்.

“தனபாலன் அண்ணன் ஊர்வலம் எவ்வளவு வேகமா போச்சு?” என்று கேட்டாள்.

“ரொம்ப மெதுவாம்மா. அந்த ரகமே அப்படித்தான்.”

“எங்க அண்ணன் சைக்கிளை மெதுவா மிதிச்சா டைனமோ லைட் மங்கிடும். உங்க வண்டியை நடக்குற வேகத்துல ஓட்டிப் பாத்தீங்களா?”

கடற்கரைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் பறந்து பறந்து போய்ப் பார்த்தேனே, ஒருநாளாவது மெதுவாகப் போனேனா?

“இல்லம்மா,” என்றேன். “அந்த டிசைன் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். யாருலே என்று பெரியப்பா கேட்டார். மயிலாப்பூர்க் கஸ்டமர் என்றேன். வாங்குவாளா என்றார். கண்டிப்பா வாங்குவாங்க பெரியப்பா என்றேன். மீனாட்சி! மீனாட்சி! இவ்வளவு அறிவா உனக்கு!

4 பிப்ரவரி

வஹீத் ஓட்ட, நான் பக்கத்தில் மேளக்காரன் மாதிரி நடந்தேன். பத்தடி போய் நிற்பது, மறுபடி பத்தடி. சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டே இருந்தது! அந்த வேகத்தில் டைனமோ ஒன்றும் கொடுப்பதில்லை, பல்புகள் பேட்டரியைக் குடித்துவிடுகின்றன. தனபாலன் ஊர்வலத்தில் டாஷ்போர்டு முழுக்க மல்லிகைச் சரம், விளக்கு யார் கண்ணில் படும்? வஹீத் தலையில் அடித்துக்கொண்டான். பல்பு வேண்டாம், பெட்ரோமாக்ஸ் போதும் என்று முடிவு.

9 பிப்ரவரி

இசக்கியம்மாள் அத்தை ஆள் அனுப்பியிருக்கிறார், என் காருக்கு அறுபது கலர் பல்பு கட்ட! அவர் செலவில். வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் கல்யாணம்?

வஹீத் விரல்விட்டு எண்ணினான். இந்தப் பல்புகளோடு ஒரு மணி நேரம் தாங்குமாம். அதற்கு மேல் அல்லாதான் என்றான். லஸ் பிள்ளையார் கோவிலிலிருந்து மந்தைவெளி வரை ஊர்வலம் எப்படியும் இரண்டு மணி நேரம்.

12 பிப்ரவரி

கல்யாணம் ஆகிவிட்டது. ஆகிவிட்டது, ஆகிவிட்டது.

முந்தாநாள் சாயங்காலம். வஹீத் ஓட்டினான், நான் மூக்கு வரை மாலையோடு பின்னால். கோவிலிலிருந்து கிளம்பியதும் நாயனக்காரர் நிதானமாக ஆலாபனையை ஆரம்பித்தார். பத்தடிக்கு ஒருதரம் நின்றார். எனக்கு வியர்த்துவிட்டது. தனபாலனைக் கூப்பிட்டு, எப்படியாவது வேகமாகப் போகச் சொல்லு என்றேன். அவன் என்ன காரணம் சொல்வான்? மேளத்திடம் போய், “மாப்பிள்ளைக்கு அவசரமாம்,” என்றிருக்கிறான்!

தவில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு அடித்தார் பாருங்கள்! நாயனம் ஓடியது, பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்கள் ஓடினார்கள், பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளைக்கு அவசரமாம், மாப்பிள்ளைக்கு அவசரமாம் என்று தெருவே சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அது அணைந்தே இருந்தது.

முப்பத்தைந்து நிமிடம். மந்தைவெளி வீட்டுப் பந்தலில் வரவேற்க ஆள் இல்லை. அத்தை உள்ளே அப்போதுதான் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டு மீனாட்சியே கதவைத் திறந்துவிட்டாள், பாதி பின்னிய ஜடையோடு. என்னைப் பார்க்கவில்லை. முதலில் பல்புகளைத்தான் பார்த்தாள்.

“எரியுதே,” என்றாள்.

யாரோ அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

16 பிப்ரவரி

அத்தை வீட்டில் விருந்து. மேளத்தை ஓட வைத்ததற்குப் பந்தலில் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், கல்யாணச் சந்தடியில் தப்பித்தேன். இன்றைக்கு மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவரோ அடுத்த வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“எல்லா மாப்பிள்ளையும் ஆடி அசைஞ்சுதான் வருவானுவ. எங்க மாப்பிள்ளை எம் பொண்ணைப் பாக்க மேளத்தையே ஓட வச்சுக்கிட்டு வந்தாரு.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாயில்லாப் பிள்ளையை இப்படி ஆசையாய்த் தேடி வருகிறவனிடம்தான் கொடுக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தாராம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, அத்தை, அந்த டைனமோ, என்று ஆரம்பித்தேன். பக்கத்து இலையிலிருந்த மீனாட்சி என் காலை நன்றாக மிதித்தாள்.

பாயசம் பிரமாதம் என்று முடித்துக்கொண்டேன். அத்தை இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார்.