ஏழாம் துண்டு, காடும் தரிசும்

கண்டி
2024 பெப்ரவரி 3
பதிவுத்தபால்

அன்புள்ள அஸ்ஃபர்,

நீயும் மஸாஹிராவும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற வாரம் நீ கைத்தொலைபேசிக்கு அனுப்பிய இரண்டு குரற்பதிவுகளையும் நான் திறந்து கேட்கவில்லை. இப்போதுள்ள கோபத்தில் வாயால் பேசினால், பின்னர் மீளப்பெற முடியாதவற்றைச் சொல்லிவிடுவேன். ஆகவே கடதாசியில் எழுதுகிறேன். பிரதி ஒன்று என்னிடம் இருக்கும்.

இருவரும் அறிந்தவையே எனினும், சங்கதிகளை முதலில் பதிவு செய்கிறேன். ஹந்தானையில் நான் பிறந்த தோட்டத்தின் பழைய பங்களாவை ஒரு கம்பனி ஹோட்டலாக்கி வருகிறது. அதன் கீழ்த்தளத்தில் பிரித்தானியத் தேசாதிபதிகளின் படங்களையும் அவர்களுடைய ஆட்சி வரலாற்றையும் வைத்து ஓர் அரங்கு அமைக்கிறார்கள். அதற்கான வாசகங்களை எழுதுபவன் நீ. அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் நீ படித்த படிப்பு அது. செப்டெம்பரில் அதே கம்பனி, வாகனத் தரிப்பிடம் அமைப்பதற்கெனப் பங்களாவின் பின்சரிவை வேலியடைத்தது. அந்தச் சரிவு, லயங்களில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளரின் மயானம். நாற்பத்தொரு குடும்பங்களுக்காக நான் வழக்கிட்டு இடைக்காலத் தடையுத்தரவு பெற்றேன். முதலாம் வழக்காளி என் அக்கா கஜலட்சுமி.

நேற்று கம்பனியின் சட்டத்தரணிகள் ஒரு நிபுணர் அறிக்கையைக் கோவைப்படுத்தினார்கள். ஒப்பம் உன்னுடையது. அதன் ஆறாம் பந்தியை உனக்கே திரும்பத் தருகிறேன்: “1841ஆம் ஆண்டின் முடிக்காணி விற்பனை முதல் அண்மைக்காலம் வரையான ஒன்பது ஆவணங்களிலும் ஏழாம் துண்டு காடும் தரிசும் என்றே விவரிக்கப்பட்டுள்ளது. அங்கே மயானம் இருந்ததாக எந்த ஆவணமும் குறிப்பிடவில்லை.”

அஸ்ஃபர், 1991 ஜூன் மாத மழையில் அப்பாவை அந்தச் சரிவுக்குத் தூக்கிச் சென்றபோது என் தலைக்குமேல் குடை பிடித்து வந்தவன் யார்? உன் வாப்பாவின் செருப்பு சேற்றில் புதைந்து, அதைத் தேடிக் கால் மணி நேரம் நின்றோமே, அது எந்த ஆவணத்தின் எத்தனையாம் பக்கம்?

நீ எனக்குக் கற்பித்ததையே சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் காணி யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அனுமானித்தது. தன் மலையில் தான் காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்கு மலைநாட்டுச் சிங்களக் குடியானவன் அத்தாட்சி காட்ட வேண்டும்; பறிப்பவன் ஒன்றும் காட்ட வேண்டியதில்லை. பிறகு ஏக்கர் ஐந்து ஷில்லிங். வாங்கியவர்கள் யார்? தேசாதிபதி, குடியேற்றச் செயலாளர், நீதியரசர், படை அதிகாரி. சட்டம் செய்த கையே காணியை விற்றது. அதே கையே வாங்கியது. இதைச் சொல்லும்போது உன் குரல் நடுங்கும். அந்த நடுக்கத்தை எங்கே வைத்துவிட்டு இந்த அறிக்கையில் ஒப்பமிட்டாய்?

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “தொரமாரு போயி எழுவத்தஞ்சு வருசமாச்சுங்கிற. போனவன் படத்தப் பாக்க வர்ற காரை நிறுத்த, அப்பா எந்திரிச்சு எடம் விடணுமாமா?”

நாளை சுதந்திர தினம். அரசாங்க அதிபரின் கச்சேரியில் கொடியேற்றுவார்கள். அறிக்கையின் இணைப்புகள் இன்னும் எனக்குத் தரப்படவில்லை. அவற்றை நீதிமன்றின் மூலம் கேட்பேன். அதற்கு முன் நீயாகவே அறிக்கையை மீளப்பெறுவாய் என எதிர்பார்க்கிறேன்.

என்றும் உன்,
யோகராஜ்

*

அம்பிட்டிய
2024 பெப்ரவரி 12

அன்பின் யோகா,

நாலு கிலோமீட்டர் தூரத்துக்குப் பதிவுத்தபால்! ஒப்பம் வாங்கிய தபால்காரர் “நடுவக்த, சேர்?” என்று கேட்டுச் சிரித்தார். ஆம், வழக்குத்தான், அதுவும் என் மச்சானிடமிருந்து என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

உன் கடிதத்தை மஸாஹிராவும் படித்தாள். “யோகராஜ் நானா சொல்றது சரிதானே, நீங்க ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாகத் தேநீரை மேசையில் வைத்துவிட்டு மட்டும் போகிறாள். வீட்டிலும் எனக்கு எதிராகத் தடையுத்தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்.

உனக்கு மறுமொழி. கம்பனி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: ஆவணங்கள் என்ன சொல்கின்றன? நான் ஆவணங்கள் சொன்னதைச் சொன்னேன். ‘ஆவணத்தில் இல்லை’ என்றுதான் எழுதினேன். ‘நிலத்தில் இல்லை’ என்று எழுதவில்லை. அந்த வித்தியாசம் உனக்குப் புரியாதா? நான் ஓர் ஆவணத்தை மறைத்திருந்தால் சாட்சிக் கூண்டில் என்னை முதலில் கிழிப்பவன் நீயாகத்தான் இருப்பாய்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கென்சியை நீ திட்டிய திட்டு சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். அதே 1840இல், அதே தேசாதிபதியின் காலத்தில், ஏழாம் இலக்கக் கட்டளைச்சட்டமும் வந்தது. காணி கைமாறினால் நொத்தாரிசின் முன் உறுதிப் பத்திரம் எழுதப்பட வேண்டும் என்ற சட்டம். உன் பெயர்ப்பலகையில் ‘நொத்தாரிசு’ என்ற பாதி அவர் தந்தது. அவருடைய ஒரு சட்டத்தை நெருப்பில் போட்டுவிட்டு மற்றதில் குளிர்காய முடியாது, யோகா. இதைக் கேலிக்காக எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள். இணைப்புகளைப் பகிரங்க நீதிமன்றில் கேட்காதே. குறிப்பாக ஒன்பதாவதை. அதற்கு முன் ஒருநாள் இங்கே வா. மஸாஹிரா வட்டிலப்பம் செய்வாள். நீ வந்தால் அவள் என்னோடும் பேசக்கூடும்.

அக்காவுக்கு என் ஸலாம் சொல்.

உன்,
அஸ்ஃபர்

*

கண்டி
2024 பெப்ரவரி 16
பதிவுத்தபால்

மதிப்பிற்குரிய கலாநிதி அஸ்ஃபர் அவர்களுக்கு,

உங்கள் 12ஆந் திகதிய கடிதம் கிடைத்தது.

நிலுவையிலுள்ள வழக்கில், எதிர்த்தரப்பின் நிபுணர் ஒருவர் வழக்காளியின் சட்டத்தரணியைத் தமது வீட்டுக்கு அழைத்து, குறித்த ஓர் ஆவணத்தைக் கோர வேண்டாம் எனக் கேட்பது எவ்வாறு விளங்கிக்கொள்ளப்படும் என்பதை நீங்கள் அறியாதவர் அல்லர். வேறு எவரேனும் இவ்வாறு எழுதியிருந்தால் அக்கடிதத்தை நீதிமன்றில் சமர்ப்பித்திருப்பேன். உங்களுடையதை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நாற்பத்தாறு வருட நட்புக்கு என்னால் செய்யக்கூடியது அவ்வளவே.

ஒன்பது இணைப்புகளையும் கோரும் மனுவை நேற்றுத் தாக்கல் செய்துவிட்டேன். 26ஆந் திகதி அதை ஆதரித்து வாதிடுவேன். ஒன்பதாவதை முதலில் கேட்பேன்.

‘ஆவணத்தில் இல்லை, நிலத்தில் உண்டு’ என்ற உங்கள் வித்தியாசத்தைப் பற்றி: தேசாதிபதிகள் இந்த நாட்டை ஆண்டதே அந்த வித்தியாசத்தில்தான். 1848இல் டொரிங்டன் பிரபு, ஆண்மகன் ஒவ்வொருவனும் வருடத்தில் ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது வரி கட்ட வேண்டும் என்றார். சனம் எழுந்தபோது இராணுவச் சட்டம் போட்டுச் சுட்டார்கள். ஆவணத்தில் அது ‘ஒழுங்கை நிலைநாட்டல்’. தேசாதிபதி பார்ன்ஸ் கண்டிக்கு வீதியமைத்தார் என்கிறோம். பார்ன்ஸ் ஒரு கல்லையும் தூக்கவில்லை. பாடசாலைப் பயணத்தில் பஸ் கடுகண்ணாவையின் துளைத்த பாறைக்குள் நுழைந்தபோது ஆசிரியர் “இதைத் துளைத்தவர் யார்?” என்று கேட்டார். வகுப்பே “பார்ன்ஸ்!” என்றது. “அவர்ட கையில உளி ஈந்திச்சா சேர்?” என்று எழுந்து கேட்டுக் காதில் முறுக்கு வாங்கிய பதின்மூன்று வயதுப் பையனை நான் அறிவேன். இந்த அறிக்கையில் ஒப்பமிட்டவரை அறியேன்.

என் தொழில் யாருடைய சட்டத்தால் வந்தது என்று நினைவூட்டினீர்கள். நன்றி. முப்பத்திரண்டு வருடங்களில் என் கையெழுத்துக்குக் கீழ் ஒரு பொய்யும் இல்லை. உங்களுக்கு அவ்வாறு கூற முடியுமா?

இவ்வண்ணம்,
க. யோகராஜ்
சட்டத்தரணியும் நொத்தாரிசும்

*

அம்பிட்டிய
2024 பெப்ரவரி 20
கையளிக்கப்பட்டது

யோகா,

நீ 26ஆந் திகதி எல்லோர் முன்னிலையிலும் இதை முதன்முதலாகப் பார்க்கக்கூடாது. அதனால்தான் உன் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஒன்பதாம் இணைப்பின் நிழற்பிரதி இத்துடன் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 412ஆம் இலக்க உறுதி. பழைய உரிமையாளர் குடும்பம் கம்பனிக்கு விற்றது. கடைசிப் பக்கத்தில் அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசின் ஒப்பத்தைப் பார்.

ஒக்டோபரில் இதைக் கண்டேன். தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தது இதைச் சொல்லத்தான். வாசலிலேயே அக்கா என் கையைப் பிடித்து, “எந்தம்பி வக்கீலு இருக்கான், மேட்ட எவன் தொடுவான் பாத்துருவோம்” என்றார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்.

நீ பொய் எழுதினாய் என்று நான் நினைக்கவில்லை. எல்லா நொத்தாரிசுமாரும் செய்வதைச் செய்தாய்.

அஸ்ஃபர்

*

கண்டி
2024 மார்ச் 2
பதிவுத்தபால்

அஸ்ஃபர்,

உறுதியை மூன்று தடவை வாசித்தேன். ஒப்பம் என்னுடையது. பாதுகாப்பிலுள்ள என் மூலப்பிரதியோடும் ஒப்பிட்டேன். அட்டவணையில் பதினொரு துண்டுகள். “ஏழாம் துண்டு: பதினொரு ஏக்கர், காடும் தரிசும், குடியிருப்போ பயிரோ இல்லாதது, வடக்கே ஓடை, கிழக்கே கற்பாறை.” தோட்டத்தின் பெயர் அதில் இல்லை, 1841இல் வாங்கிய வெள்ளைக்காரரின் பெயரும் நில அளவைப் படத்தின் இலக்கமும்தான். ஹந்தானை என்று இருந்தது. எந்த ஹந்தானை என்று நான் கேட்கவில்லை. கம்பனிக்கும் அப்போது வேறு பெயர். முன்னைய உறுதியை இடப்பக்கம் விரித்து வைத்துக்கொண்டு அட்டவணையைச் சொல்லுக்குச் சொல் பிரதி செய்தேன். அப்படித்தான் செய்வோம். ஒரு சொல்லை மாற்றினால் காணி உரித்தில் பழுது வரும் என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். எனக்கு முன்னவரும் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னவரும். தேசாதிபதியின் எழுதுவினைஞர் எழுதிய வரி நூற்றைம்பத்தேழு வருடம் கைமாறி என் பேனாவுக்கு வந்தது. அப்பாவை அங்கே வைத்து அப்போது ஏழு வருடம்.

வழக்கு தொடுக்கும்போது காணிப் பதிவகத்தில் ஏன் தேடவில்லை என்று நீ கேட்கலாம். உரித்து யாருடையது என்பது எங்கள் வழக்கல்ல, புதைக்கும் உரிமையே வழக்கு என்று என்னையே சமாதானப்படுத்தியிருந்தேன். சட்டப்படி அது சரியான விடை. கவனமான மனிதனின் விடை அல்ல.

இவை என் பிழைகள். உன்னுடையது வேறு, அதை நான் மன்னிக்கவில்லை. நான்கு மாதம் உனக்குத் தெரியும். என் மேசையில் முறுக்குக் கடித்தபோது தெரியும். என்னைத் தேசாதிபதியைத் திட்ட விட்டு, அக்காவைப் பெருமை பேச விட்டு, நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ‘எல்லா நொத்தாரிசுமாரும் செய்வது’ என்று எனக்கு ஆறுதல் எழுதுகிறாய். அந்த வசனத்தை நீயே வைத்துக்கொள். மெக்கென்சியின் எழுதுவினைஞரும் எல்லா எழுதுவினைஞரும் செய்வதைத்தான் செய்தார்.

25ஆந் திகதி அக்காவைக் கூட்டிக்கொண்டு வேலியருகே போனேன். உறுதியை அவருக்கு முழுதாக வாசித்து விளங்கப்படுத்தினேன். 1998இல் செய்திருக்க வேண்டிய இடத்திலே நின்று. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“வெள்ளக்காரன் எழுதுனத நீ பாத்து எழுதுனியா தம்பி?”

“ஆமா அக்கா.”

“பள்ளிக்கூடத்துல பாத்து எழுதுனா வாத்தியாரு வெளுத்துருவாரே. ஒங்க படிப்புல அதுக்குச் சீலு குத்தி ஒப்பமும் வாங்குவாங்களா?”

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அக்கா முன்னால் போய் நின்றுகொண்டார்.

26ஆந் திகதி நீதிமன்றின் அனுமதியோடு நான் வழக்கிலிருந்து விலகிவிட்டேன். ஒரே வழக்கில் சட்டத்தரணியாகவும் சாட்சியாகவும் இருக்க முடியாது. வழக்கை இப்போது இளம் சட்டத்தரணி கிருஷாந்தி நடத்துகிறார்; வயது இருபத்தொன்பது, என்னைவிடக் கோபக்காரி. சாட்சிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். “சேர், உங்களைக் கிழிச்சிருவாங்க” என்றார். சேர்க்கச் சொன்னேன்.

விசாரணை மார்ச் 18ஆந் திகதி. கம்பனியின் சட்டத்தரணி என்னென்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவருடைய இடத்தில் நானும் அவற்றையே கேட்பேன். இது உமது ஒப்பமா? ஆம். ‘தரிசு’ என்று எழுதியது நீரா? ஆம். அவ்வாறு எழுதுமுன் அந்தக் காணிக்கு ஒரு தடவையாவது போயிருக்கிறீரா? இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் அதைக் கேட்பார். போயிருந்தேன் என்பேன். 1991 ஜூன் மாதம், தகப்பனாரின் பாடையில் முன்கோலைத் தூக்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு நீ அழைக்கப்படுவாய். கிருஷாந்தி உன்னிடம் ஆவணங்களைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். நீ எங்கே நின்றாய், கையில் என்ன பிடித்திருந்தாய் என்று மட்டும் கேட்பார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். பதிலைக் கூண்டில் சொல்.

யோகராஜ்