நாக்கு நீட்டும் கன்றுகள்

ஜூன் 3

முசுடுக்கு,

இல்லை, நீ அனுப்பிய கன்றுக் குப்பியை உடைக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, உன் முப்பது ஆர்க்கிட் கன்றுகளையும் முழுசாக வெளியே எடுத்துவிட்டேன். வேரில் ஒட்டியிருந்த ஜெல்லியை, பல்லில் காறை எடுக்கும் கொக்கியால் சுரண்டினேன். நாற்காலியில் இருந்தவர் பதறிவிட்டார். "டாக்டர், அதையே என் வாயில வைக்காதீங்க!"

கரித்துண்டு, தேங்காய் மட்டை. பால்கனி, நிழல்வலை. எல்லாம் நீ சொன்னபடி.

அங்கே இன்னும் இரண்டு வருட நீட்டிப்பு என்பது உன் வேலை, உன் முடிவு. புருஷன் என்று குறுக்கே வர மாட்டேன்.

பல்லு

ஜூன் 21

பல்லுவுக்கு,

குறுக்கே வராதே. பக்கத்திலாவது வரலாம். ஜூலை கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். இங்கே ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, அடுத்த வீட்டுச் சுவர்.

காலையில் ஒரே ஒரு முறை தெளி. இரவுக்குள் இலை காய வேண்டும்.

முசுடு

ஜூலை 12

முசுடுக்கு,

கன்றுகள் பிரமாதம். ஒவ்வொரு இலையும் நாக்கு மாதிரி, அகலமாக, தடியாக. பார்த்ததும் "ஆ காட்டு" என்று வாயில் வந்துவிடுகிறது. பூக்க மூன்று வருஷமாமே. நீ நிதானமாக வரலாம்.

பல்லு

ஜூலை 19

பல்லுவுக்கு,

நாக்கா? என் கன்றுகளுக்குப் புல் மாதிரி இலை. ஒரு மாதத்தில் புல் நாக்காகாது.

எந்தக் கடையில் வாங்கினாய்?

முசுடு

ஜூலை 25

முசுடுக்கு,

பேருந்து நிலையத்துக்குப் பின்னால்.

உன் முப்பதும் அழுகிப்போயின. ஒரு முறைதான் தெளிக்கச் சொன்னாய். நான் ஞாபகம் வந்தபோதெல்லாம் தெளித்தேன். கன்றுகளின் ஞாபகம் அல்ல.

மன்னித்துவிடு. வந்துவிடேன்.

பல்லு

ஜூலை 31

என் பல்லுவுக்கு,

கடிதத்தைப் போயும் போயும் ஆபீஸில் பிரித்துவிட்டேன். ஒரு கண்ணில் கோபம், ஒரு கண்ணில் சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"என் புருஷன் முப்பது பிள்ளைங்கள மூழ்கடிச்சிட்டான்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். விளக்கம் சொல்லப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அந்த நாக்கு நீட்டும் பயல்களுக்கு, தொட்டி காய்ந்த பிறகுதான் தண்ணீர். நடுவில் ஞாபகம் வந்தால் எனக்கு எழுது. நான் அழுக மாட்டேன்.

நீட்டிப்புத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் போய் இன்னொரு குப்பி வாங்கினேன்.

உன் முசுடு