ரிஸ்வானாவின் பாட்டில்

ஐப்பசி, செவ்வாய்

இன்று பெரியபட்டினம் பக்கத்துக் கடலோர ஆரம்பப் பள்ளியில் அறிவியல் காட்சி நடத்தினேன்.

பேட்டரியோடு இணைத்த இரண்டு கம்பிகளை உப்புத் தண்ணீரில் விட்டதும் சின்ன விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "குடிக்கிற தண்ணியில எரியாது, பாருங்க" என்று சொல்லி, முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்பு ரிஸ்வானாவிடம் பாட்டிலை வாங்கிக் கம்பிகளை விட்டேன்.

மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது.

"மிஸ், எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியில கரண்டு இருக்கு!" என்று அவள் துள்ளினாள்.

கம்பியில் உப்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். நன்றாகத் துடைத்து, கடையில் வாங்கிய தண்ணீரில் விட்டேன். எரியவில்லை. மறுபடி அவள் தண்ணீரில் விட்டேன். எரிந்தது.

"இதையா வீட்ல குடிக்கிறீங்க?"

"ஆமா மிஸ். தம்பிக்குக் கஞ்சியும் இதுலதான். உம்மா இப்பல்லாம் கஞ்சிக்கு உப்பே போடுறதில்ல."

தலைமை ஆசிரியை என் அருகே வந்து மெதுவாகக் கேட்டார். "போன வருசமும் இவ பாட்டில்லதான காட்டுனீங்க? அப்ப எரியலயே."

அதற்குள் மற்ற பிள்ளைகளும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிக் கம்பிகளைக் கழற்றினேன்.

தலைமை ஆசிரியைக்கு அது பொய் என்று தெரியும். தன் பாட்டிலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.