போத்தலில் போன தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 12

துறைமுகப் பக்கத்துத் தாங்குசுவரின் பின்புறத்தை இன்று தோண்டிப் பார்த்தேன். அடிநிலம் சேறு, மண்ணின் பாரத்தைத் தாங்காது. அதனால்தான் உள்ளே பாரம் குறைந்த நிலக்கரிச் சாம்பலை நிரப்பினோம். சுவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை அந்தச் சாம்பலுக்குள் கிடக்கும் இரும்புப் பட்டிகள். போட்டு ஒரு வருடம்தான். விரலால் தேய்த்தேன், துரு பொடியாக உதிர்ந்தது.

இரும்பை இவ்வளவு வேகமாக அரிப்பது உப்புத்தான். ஆனால் சாம்பலை நனைத்து இறுக்கிய தண்ணீரில் உப்பில்லை என்கிறது ஆய்வுகூட அறிக்கை. தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வண்டியை ஓட்டும் நஸீர் நானாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கடல் தண்ணிதான், மிஸ். அந்தக் கோடையில வேற எங்க போறது?”

“அப்ப நான் தந்த போத்தலில?”

“அது சோதிக்க அனுப்புறதெண்டு சொன்னீங்கள். கண்ட கண்ட தண்ணியை அனுப்பலாமா? கிண்ணியாவுக்குப் போய் எங்கட வீட்டுக் கிணத்தில அள்ளினனான்.”

அவர் சொன்னதைத் தலைமைப் பொறியியலாளரிடம் போய்ச் சொன்னேன்.

“றிப்போட் நல்லாத்தானே இருக்கு. குழியை மூடுங்கோ.”

“ஏலாது, சேர்.”

அவர் கோப்பைத் திருப்பிப் போத்தலோடு போன சீட்டின் பிரதியைக் காட்டினார். அன்று வெயிலுக்குப் பயந்து, காரியாலயத்து மின்விசிறிக்குக் கீழே இருந்தபடி நான் எழுதிய வரி: ‘என் கண்முன் எடுக்கப்பட்டது.’ கீழே என் கையெழுத்து.

நான்கு மணிக்குக் குழியை மூடினோம். மேல்மட்டத்தை நனைக்க நஸீர் நானா பவுசரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.