காமாலை என்று சொல்லி வைத்தேன்

12.6.2007, செவ்வாய்

இவர் இன்றைக்கும் டிராக்டர் ரிப்பேர் ஷெட்டைத் திறக்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஓமந்தூர் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு இவரை விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அதே டாக்டரம்மா வியாழக்கிழமைகளில் இங்கே திண்டிவனத்துக்கும் வருகிறார். ஆனால் அந்த கிளினிக்கின் மாடிப்படி கடைத்தெருவைப் பார்த்து இருக்கிறது. யார் ஏறினாலும் டீக்கடையே நிமிர்ந்து பார்க்கும். வேண்டவே வேண்டாம்.

ஈஸ்டரிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்பேனரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்தே இருக்கிறார் — எல்லாம் நான்தான் சொன்னேன். "நான் இல்லன்னா உங்களுக்கு பாரம் கொறையும்" என்று போன வாரம் சொன்னாரே, அதையும் சொல்லிவிட்டேன். இவர் தலையை நிமிர்த்தவில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டரம்மா. நோய்தானாம், தீருமாம். ஆனால் மாத்திரை மட்டும் போதாது என்றார். காலை வெயிலில் நடக்கணும். ருசியாக, வேளைக்குச் சாப்பிடணும். பழகினவர்களோடு பேசணும். முடிந்த சின்ன வேலை ஏதாவது செய்யணும். தனியாக மட்டும் விடக்கூடாது.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் தெருக் கடைசி வீட்டு முனியம்மாள். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டாள். மருந்துச்சீட்டு கையில் இருக்கிறது, மறைக்க முடியவில்லை. "மஞ்ச காமாலைங்க" என்று வாயில் வந்துவிட்டது. பேரனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். போகட்டும். காமாலையைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

14.6.2007, வியாழன்

தெருவுக்கே தெரிந்துவிட்டது. விடிந்ததும் தேவநாதன் அண்ணன் வந்துவிட்டார். அவருடைய டிராக்டரில் இவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தூக்குவாளியில் கொண்டு வந்திருந்தார். இனி தினமும் தானே கொண்டு வருவதாகச் சொன்னார். என்ன சொல்ல? வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் இவருடைய அக்கா சலேத்தம்மாள் வானூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். வந்த கையோடு அடுப்படி அவர் வசம். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது. வெயில் ஆகாது என்று ஜன்னலுக்கு என் பழைய புடவையைக் கட்டிவிட்டார். பேச்சுக் கொடுத்தால் உடம்பு அசந்துவிடுமாம், யாரும் பக்கத்தில் போகக்கூடாது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு தலைகீழாகச் செய்வது போல இருக்கிறது. நான் வாயைத் திறக்க முடியுமா? என் வாய்தானே இவ்வளவையும் கொண்டு வந்து சேர்த்தது.

17.6.2007, ஞாயிறு

கீழாநெல்லி மோர் முழுக்கக் கொல்லையில் இருக்கும் வாழைக்குப் போகிறது. வாழை தளதளவென்று இருக்கிறது.

21.6.2007, வியாழன்

பால்காரர் வருவதற்குள் ஒரு நடை நடந்து வந்துவிடலாம் என்று கிளப்பினேன். இவரும் செருப்பு மாட்டினார். தெருமுனைகூடத் தாண்டவில்லை, எதிரில் பால்காரர். காமாலைக்காரரை விடியற்காற்றில் இழுத்துக்கொண்டு போகிறீர்களே, டீச்சராக இருந்தும் தெரியவில்லையா என்று கேட்டார். இவர் அப்படியே திரும்பி நடந்தார். போய்ப் படுத்தவர்தான்.

மாத்திரையை சத்து மாத்திரை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் எத்தனை பொய்? ஞாபகம் வைத்துக்கொள்ளவே தனி மூளை வேண்டும்.

24.6.2007, ஞாயிறு

பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது, "மஞ்சள் காமாலையால் அவதிப்படும் சவரிராயனுக்காக" என்று பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை வாசித்தார். கோயில் முழுக்க "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? முழங்காலில் இருந்தபடியே வியர்த்துப் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் ஜெர்லின் அழுகிறாள். ஒன்பதாவது படிக்கிற பெண். அவளுடைய தண்ணீர் பாட்டிலில் யாரும் வாய் வைக்கக் கூடாதென்று வகுப்பில் பேச்சாம். பக்கத்தில் உட்காருகிறவளையே அவள் அம்மா இடம் மாறச் சொல்லிவிட்டாளாம். "அப்பாவுக்கு நெஜமாவே காமாலையாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை.

3.7.2007, செவ்வாய்

விழுப்புரம். இவரை எடை பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நடக்கிறாரா? இல்லை. சாப்பாடு? உப்பில்லாக் கஞ்சி. ஏன்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நோயை மறைக்கிறேன்னு வைத்தியத்தை மறைச்சிட்டீங்களே. எதுக்கு இவ்ளோ பயம்?"

எதுக்கு? எங்கள் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அங்கே ஒருவருக்கு மனசு பேதலித்திருந்ததாம். அவர் செத்து, குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய், யார் யாரோ குடிவந்து போய்விட்டார்கள். இன்னமும் அது பைத்தியக்கார வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் வழி சொல்வார். நாளைக்கு என் வீட்டை அப்படிச் சொன்னால்? மெண்டலிடம் எவன் டிராக்டரை விடுவான்? ஜெர்லினுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. மருந்துச்சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

10.7.2007, செவ்வாய்

சலேத்தக்கா ஏற்பாடு செய்துவிட்டார். வானூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் காமாலைக்கு வேர் கொடுக்கிறவர் இருக்கிறாராம். அங்கேயே தங்கிக் காமாலை இறங்கும்வரை இருட்டறையில் பத்தியம் இருக்கணும். இங்கிலீஷ் மருந்து எதுவும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது. வேன் தேவநாதன் அண்ணன் உபயம்.

மாத்திரையை நிறுத்தி இருட்டில் போட்டால் இவர் திரும்பி வரமாட்டார். எனக்குத் தெரிகிறது.

அக்கா இவரிடம் கேட்டதற்கு, "சரிக்கா" என்றார். என்ன கேட்டாலும் சரி என்கிறார். அதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.

13.7.2007, வெள்ளி

எழுத்து கோணலாகத்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இவர் இல்லை. அக்கா ஜெபமாலையோடு அசந்து தூங்கிவிட்டிருக்கிறார். கொல்லை, தெரு, கோயில் — எங்கேயும் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மாதாவே, மாதாவே என்று மட்டும் வாயில் வந்தது.

ஷெட்டில் இருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருட்டில் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அடித்தேன். ஆமாம், தோளில் ரெண்டு அடி அடித்தேன், பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

"யாருக்கும் பேஜாரு இல்லாம எங்கனா போயிடலாம்னு கெளம்பினேன். கால் இங்க இட்டாந்துட்ச்சி" என்றார். பிறகு மெதுவாக, "செல்வி, எனக்கு இன்னா நோவுன்னு சொல்லக்கூட உனக்கு வெக்கமா இருக்குதில்ல?" என்றார்.

ஐயோ. அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். வெட்கம் இல்லீங்க, பயம்தான்னு சொல்ல வந்தேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், இவருக்கு?

15.7.2007, ஞாயிறு

வேன் வந்தது. வாசலில் தேவநாதன் அண்ணன், கையில் தூக்குவாளி. அக்கா பெட்டியோடு தயார். வேனைப் பார்க்கத் தெருவில் நாலு பேர். இவரை எழுப்பி வேட்டி மாற்றி விட்டிருந்தார்கள். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"இவருக்கு காமாலை இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். மனசுல நோவு. விழுப்புரத்துல அதுக்குத்தான் டாக்டர் பாத்துக்கினு இருக்காங்க. இவரை எங்கயும் அனுப்ப மாட்டேன்."

அக்கா முதலில் செய்தது, ஓடி வந்து கதவைச் சாத்தியது. மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு என்றார். என் தம்பிக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டுகிறாயா என்று அழுதார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையே என்றார். நானும் பதிலுக்குக் கத்தினேன். என்னென்ன சொன்னேனோ. வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஜன்னல் புடவையை விலக்கிப் பார்த்தேன், தேவநாதன் அண்ணன் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்தார்.

அப்போது இவர் பேசினார். கட்டிலில் உட்கார்ந்தபடி, அக்காவைப் பார்த்து. "அக்கா, கொஞ்சம் உப்பு போட்டு ரசம் வெச்சிக் குடுக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈஸ்டருக்குப் பிறகு அவராக இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது இதுதான். அக்கா அழுதுகொண்டேதான் புளி கரைத்தார்.

18.7.2007, புதன்

குழாயடியில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ "லைட்டா நட்டு கழண்ட கேஸு" என்றார்கள். சிரிப்பு. குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி, யாரது, முன்னாடி வந்து சொல்லுங்கள் என்றேன். ஒருத்தியும் வரவில்லை. குடம் நிரம்பும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

ஆடி பிறந்துவிட்டது. ஊரெல்லாம் மல்லாட்டை விதைக்க உழுகிறார்கள். எங்கள் ஷெட்டுக்கு ஒரு வண்டி வரவில்லை.

24.7.2007, செவ்வாய்

காலை வெயிலில் மரக்காணம் ரோட்டில் நடக்கிறோம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் பள்ளிக்கூடம் போன பிறகு அக்கா கூட இருக்கிறார், முருங்கைக்கீரை ஆயச் சொல்லிக் கொடுக்கிறார், பழைய கதை பேசுகிறார். ஜன்னல் புடவையை அவரே அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்துவிட்டார். ஆனால் கேட்கிறவர்களிடம் "தம்பிக்கு ரத்தக் கொறைவு" என்கிறார். கடவுளே, இன்னொரு நோயா! திருத்தப் போனேன், இவர் வேண்டாம் என்று கை காட்டினார். லேசாகச் சிரித்தது போல இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ?

ஜெர்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கூட இருந்திருப்பேன்ல" என்றாள்.

30.7.2007, திங்கள்

தேவநாதன் அண்ணன் வந்தார். மோர் வாழைக்குப் போனது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது, என் மேல் நெருப்பாக இருந்தார். தினமும் ஈரத்தில் வரப்பு வரப்பாக இலை தேடினேன், நீங்கள் வாழைக்கு ஊற்றினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நோவ மாத்தி சொன்னீங்க, நான் மருந்த மாத்தி குடுத்தேன். அவருக்கு எதுனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன் டீச்சரம்மா?" என்றார்.

பிறகு இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். டிராக்டர் வழியிலேயே நின்றுவிடுகிறதாம், வேறு ஆளிடம் காட்டியும் சரிவரவில்லையாம். கை வைக்க வேண்டாம், கூட வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். இவர் போனார். கொஞ்ச நேரத்திலேயே களைத்துப் போய்த் திரும்பிவிட்டார். வண்டி இன்னும் சரியாகவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாராம்.

8.8.2007, புதன்

மோசமான நாள். எழுந்திருக்கவே இல்லை. பழையபடி ஆகிவிடுமோ? அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை கொடுத்தாயிற்று.

19.8.2007, ஞாயிறு

தேவநாதன் அண்ணன் வண்டி ஓடுகிறது. இவர்தான் சரி செய்தார்.

30.8.2007, வியாழன்

இந்தத் தடவை விழுப்புரம் போகவில்லை. இங்கேயே அந்த மாடிப்படி ஏறினோம். டீக்கடை பார்த்தது. நான்தான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், இவர் பாட்டுக்கு ஏறினார். இறங்கி வரும்போது முனியம்மாள் எதிரில் நின்றாள். காமாலை இன்னும் இறங்கவில்லையா என்று கேட்டாள். தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா? நான் வாயெடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்: "காமாலை இல்லீங்க. மனசு நோவு. இப்ப பரவால்ல." அவள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் பக்கம் நெருங்கி வந்து, இந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் ரசம் உப்புக் கரிக்கிறது என்று இவர் தட்டைத் தள்ளினார். "இத மனுஷன் துன்னுவானா?" என்று ஒரே சத்தம். வைத்தது நான். எனக்கும் கோபம் வந்துவிட்டது. வேண்டுமானால் உப்பில்லாக் கஞ்சி இருக்கிறது, குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அக்கா உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. முறைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை இழுத்து முழுக்கச் சாப்பிட்டார். நான் ருசி பார்த்தேன். நிஜமாகவே உப்பு கூடத்தான்.