திவசத்துக்கு வரமாட்டேன், மாமா

யார் பேச்சையும் கேட்காத என்னை ஒரே ஒரு போன் அழைப்பில் திருப்பிக் கூட்டிவந்த என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

நம் ரப்பர் தோட்டத்து இளைஞர் மன்றம் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறது. "டீச்சர், தலைவரப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்கதானே அவரு வளத்த புள்ள" என்று வந்து நின்றார்கள். எழுதுகிறேன். அச்சில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

மற்றவர்கள் உங்களைப் புகழ்ந்துதான் எழுதியிருப்பார்கள். லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்த தொழிற்சங்கத் தலைவர், தொரையின் பங்களா வாசலில் நின்று குரலை உயர்த்திப் பேசிய மனிதர், தகப்பனில்லாத தங்கச்சி மகளைப் படிக்கவைத்த புண்ணியவான். எல்லாம் உண்மை. அந்தத் தங்கச்சி மகளின் படிப்பை நடுவழியில் நிறுத்தியதும் நீங்கள்தான். அதை யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

கம்பஸில் நான் கணினி விஞ்ஞானம் படித்தேன். அது என்ன படிப்பு என்று கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் "கம்பியூட்டர் ரிப்பேர்" என்றீர்கள். மூன்றாம் வருடம் முடிந்ததும் நல்ல புள்ளி எடுத்த சிலரை மட்டும் நான்காம் வருடத்துக்கு, சிறப்புப் பட்டத்துக்கு, எடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. அதற்குப் பதியப் போகிற அன்று காலையில் உங்கள் போன் வந்தது.

"புள்ள, டீச்சர் நியமனம் வந்திருக்கு. இன்னைக்கே இரத்தினபுரிக்கு வா. சேல கட்டிக்கிட்டு வா, போட்டோ புடிப்பாங்க."

"மாமா, இன்னும் ஒரு வருசம் இருக்குங்க."

"மூணு வருசம் படிச்சாலும் பட்டம்தான், நாலு வருசம் படிச்சாலும் பட்டம்தான். மொதல்ல செக்ரோல்ல பேரப் பதி. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

உங்கள் வேதமே அதுதானே. தோட்டத்துச் செக்ரோலில், ஆள்பேர் பதியும் அந்தப் புத்தகத்தில், பெயர் இருந்தால் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா, மாதம் ஒரு சம்பளம், செத்தால் ஒரு பெட்டி. பெயர் இல்லாதவன் நாய்க்குச் சமம். பரம்பரையாக அடிபட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கோலை எடுத்துவந்து பல்கலைக்கழகத்தையும் அளந்தீர்களே, அங்கேதான் என் தலையில் மண் விழுந்தது. அந்த ஒரு வருடத்தை எனக்குக் கொடுத்திருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்?

வந்தேன். இரத்தினபுரி மண்டபத்தில் மாலை போட்டார்கள். கடிதத்தைக் கொடுத்த பெரிய மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார். நீங்கள் கடைசி வரிசையில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். யாருக்கும் அடங்காத மனிதர் எனக்காக அழுகிறாரே என்று நான் உருகிப்போனேன். இப்போது அந்த அழுகையை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். எனக்குப் படிப்பிக்கக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர்கள் இருந்தன. படுக்கை விரிப்பால் மூடி, அறையைப் பூட்டி, சாவியை அதிபர் இடுப்பில் வைத்திருந்தார். பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகுமாம். நான் தொட்டால்கூட அவருக்குப் பயம்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கம்பியூட்டரிலேயே மேற்படிப்புக்கு, முதுமாணிப் பட்டத்துக்கு, விண்ணப்பிக்கத் துணிந்தேன். பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பேசிய அம்மணி சிங்களத்தில், தங்கச்சி என்ற முறையில் நங்கி என்று அழைத்து, தன்மையாகத்தான் கேட்டார், நாலு வருடச் சிறப்புப் பட்டமா என்று. மூன்று வருடப் பொதுப் பட்டம் என்றேன்.

"அப்படின்னா நங்கி, கம்பியூட்டர் துறையில வேல செஞ்ச அனுபவம் வேணும். இப்ப என்ன வேல செய்றீங்க?"

"ரெண்டாம் வகுப்பு டீச்சர்."

"ஐயோ நங்கி" என்றார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டார், மாமா. அந்தப் பாவத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உங்கள் காம்பரா வாசலில் நின்று லயமே கூடுகிற மாதிரிக் கத்தியிருப்பேன். என் கோபத்தில் பாதி, நீங்கள் என்னிடம் திட்டு வாங்காமலே போய்ச் சேர்ந்ததற்கு.

கடைசியாக அந்த அம்மணி இன்னொரு வழி சொன்னார். என்னைப் போன்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தகுதிப் பரீட்சை வைக்கிறார்கள். அதில் தேறினால் சிறப்புப் பட்டக்காரர்களோடு நானும் உட்காரலாம், சனி ஞாயிறு கொழும்பில் வகுப்பு. முன்பு படிப்பித்த விரிவுரையாளர் ஒருவரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும். எனக்குப் படிப்பித்த சேரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "பாதியில போன பொண்ணுதானே நீங்க?" என்றார். எத்தனையோ பேருக்குப் படிப்பித்தவர், அதை மட்டும் மறக்கவில்லை.

மறந்ததையெல்லாம் திரும்பப் படித்தேன். தகவல்களை அடுக்கிக்காட்ட, வேர் மேலேயும் கிளை கீழேயும் இருக்கிற மரம் ஒன்று எங்கள் பாடத்தில் வருகிறது. உங்களிடம் சொல்லியிருந்தால், "அதுல எந்தப் பக்கம் புள்ள பால் வெட்டுறது?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டிருப்பீர்கள்தானே? படிக்கும்போது இப்படி இடையில் வந்து சிரிப்பு மூட்டாதீர்கள். நான் கோபமாக இருக்கிறேன்.

பரீட்சை வருகிற சனிக்கிழமை. பூசாரி திதி பார்த்துச் சொன்ன உங்கள் வருட திவசமும் அதே சனிக்கிழமை.

அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ள இல்லாத மனுசன். நீ வந்து வெளக்கு ஏத்தலன்னா யாரு ஏத்துறது? பரீட்ச அடுத்த வருசமும் வரும்தானே."

"திவசமும் அடுத்த வருசம் வருங்க அத்த."

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "என்ன வாய் இது? எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு என்ன பாடுபடும்?"

"தெரிஞ்சுதாம்மா இந்த நாளாப் பாத்து வச்சிருக்காரு" என்றேன். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

சொல்லுங்கள் மாமா, உயிரோடு இருந்தபோதும் பதிகிற அன்றைக்கே கூப்பிட்டீர்கள். செத்த பிறகும் பரீட்சை அன்றைக்கே கூப்பிடுகிறீர்கள். உங்களுக்கு வேறு நாளே கிடைக்காதா?

வரமாட்டேன். சத்தியமாக வரமாட்டேன். அன்றைக்கு ரம்புக்கனையில் கொழும்புக்குப் போகும் முதல் ரயிலைப் பிடிப்பேன். அத்தை உங்களுக்குப் பிடித்த மாசிச் சம்பலோடு இலை போட்டு, வாசலில் நின்று காகத்தைக் கூப்பிடுவார். வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். விளக்கை அம்மா ஏற்றட்டும், அண்ணனுக்குத் தங்கச்சி ஏற்றினால் எரியாதா என்ன?

சாப்பிட்டுவிட்டு, புள்ளையைக் காணோமே என்று கொழும்புக்குக் கிளம்பி வருவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். பரீட்சை மண்டபத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்து கரைவீர்கள். எவ்வளவு கரைந்தாலும், கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதி முடிக்கும்வரை தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டேன். எழுதி முடித்ததும் பார்ப்பேன். அதுவரைக்கும் இருங்கள்.

கூப்பிட்டதும் ஒருமுறை ஓடிவந்த,
உங்கள் தங்கச்சி மகள்